பேர் சொன்னால்தான் கப்பல்

தோட்டத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை என்றால் ஆட்களின் வருகைக்குப் பெரட்டுப் புத்தகம் எழுதுவதும் ரப்பர் பால் நிறுப்பதும்தான் என்று நம்பி ஜொகூருக்கு வந்தவன் நான். பாதி உத்தியோகம் பிறத்தியார் பெண்டாட்டிகளுக்காகக் காத்திருப்பது என்று என்னைக் கப்பலேற்றிவிட்டவர்களில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

தங்காக்கிலிருந்து ஆறு மைல் உள்ளே, லேடாங் மலை தெரிகிற தூரத்தில் எங்கள் தோட்டம். பால் வெட்டுகிறவர்களில் பாதிப்பேர் தனி ஆட்கள். கொஞ்சம் காலூன்றியதும், "ஐயா, ஊர்ல இருந்து வீட்டு ஆளக் கூப்பிட்டுக்கணும்" என்று ஆபீஸ் வாசலில் வந்து தலையைச் சொறிவார்கள். நான் மனு எழுத வேண்டும், துரை கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனு சர்க்கார் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்கி இந்தியாவுக்குப் போகும். அங்கே கிராம முன்சீப்பு, "இவள் இன்னாருடைய பெண்சாதிதான், அனுப்ப ஆட்சேபணை இல்லை" என்று எழுதித் தர வேண்டும். பிறகு அந்தப் பெண் துறைமுகத்து முகாமுக்கு வந்து, அம்மை குத்திக்கொண்டு, கப்பலுக்குக் காத்துக் கிடந்து, சிங்கப்பூருக்கு எதிரே ஒரு தீவில் நோய் நொடி பார்க்க அடைபட்டு, கடைசியில் லாரியில் வந்து இறங்குவாள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் ஏழெட்டு மாதம். எல்லாம் ஒழுங்காக நடந்து நான் பார்த்ததில்லை.

கடல் தாண்டி வரவேண்டிய ஒரு மனுஷிக்காகத் தபால்காரன் முகத்தைப் பார்த்து நின்றவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இதைப் படித்து ஆறுதல் அடையுங்கள். உங்களைவிட மோசமாக ஒருவன் நின்றிருக்கிறான்.

மழை பெய்த வருஷம்

என் கையால் எழுதிய முதல் மனு வீரப்பனுடையது. எங்கள் தோட்டத்தில் அவனைப்போல் மரத்துக்குக் காயம் படாமல் பட்டை சீவுகிறவன் கிடையாது. துரையே நின்று வேடிக்கை பார்ப்பார். அப்பேர்ப்பட்ட ஆள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் வாயடைத்துப்போனான். கல்யாணம் எப்போது நடந்தது என்று கேட்டேன். "நல்ல மழ பேஞ்ச வருசமுங்க" என்றான். எந்த மாதம்? "அதான், மழ பேஞ்சுதுங்களே" என்றான். நான் ஏதோ ஒரு மாதத்தைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது பெண்சாதியின் பேர். அவன் தரையைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், காதுவரை வெட்கப்பட்டான். "எங்க மாமன் மவ" என்றான். பேர் கேட்டேனப்பா என்றேன். கூப்பிட்டதே இல்லையாம்! கட்டி இரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்தியவன். எனக்குப் பேனாவில் மை காய்ந்துவிட்டது. கடைசியில் ஆட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து அவன் ஊர்க்காரன் ஒருவனைக் கூட்டிவந்து, அவன் வாயால் "அங்காயி" என்று சொல்ல வைத்து எழுதினேன். இதில் என்ன கூச்சம் என்று நான் கோபித்துக்கொண்டதற்கு வீரப்பன் சொன்ன பதில் இது:

"பேரு எதுக்குங்கய்யா? வீட்டுல இருக்கறது ரெண்டே உசுரு. 'ஏ புள்ள'ன்னா அவதானே திரும்பிப் பாப்பா."

லாரியில் வராதவள்

ஒன்பது மாதம் கழித்து லாரி வந்தது. வீரப்பன் அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரவல் வாங்கிய கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, தார்ச்சாலை முக்குவரை எதிர்கொண்டு ஓடினான். ஒவ்வொருவராக இறங்கினார்கள். லாரி காலியாகிவிட்டது. அவன் ஏறிப்போய் மூட்டைகளைக்கூடப் புரட்டிப் பார்த்தான். அங்காயி இல்லை.

அடுத்த தபாலில் முகாமிலிருந்து கடிதம் வந்தது. விஷயம் இதுதான். பெண்களை யாராவது ஆசை காட்டிக் கடத்திக்கொண்டுபோய்க் கப்பலேற்றிவிடக் கூடாது என்று சர்க்காரில் ஒரு விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. அதன்படி ஒவ்வொரு பெண்ணையும் தனியே நிறுத்தி ஓர் அதிகாரி கேள்வி கேட்பார். எந்த ஊர், யாரிடம் போகிறாய், புருஷன் பேர் என்ன? வாயால் சொல்ல வேண்டும். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது நம் வீட்டு வழக்கம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யாருமே யோசிக்கவில்லை, நான் உள்பட. நாலு நாள் கேட்டார்களாம். நாலு நாளும் அங்காயி தலையைக் குனிந்துகொண்டு நின்றாளாம். "கணவன் பெயர் அறியாத பெண், கடத்தப்பட்டவளாகச் சந்தேகம்" என்று எழுதி ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீரப்பன் உடைந்துபோவான் என்று நினைத்து, தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்துச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய கிராணியாரைக் கூப்பிட்டு, வாசலில் நின்ற கங்காணியையும் கூப்பிட்டு, நெஞ்சைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"கேட்டீங்களாய்யா? நாலு நாளு அதிகாரி மிரட்டியும் வாயத் தொறக்கல. எம்பொண்டாட்டிய்யா அவ!"

ஆத்தா வைத்த சாபம்

அந்தப் பெருமை இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் அவன் வெட்டுக்கு வராமல் லயத்தில் சுருண்டு கிடந்தான். போய்ப் பார்த்தேன். முகாமிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவளை ஊர் என்ன பேசும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்கிறது. எவனோடோ ஓடப் பார்த்தவள் என்பார்கள். மனுவை எழுதியவன் நான். இந்தக் கேள்வி வரும் என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள்.

விட்டேனா பார் என்று கிளம்பினேன். பெண்டாட்டிக்காகக் காத்திருந்த ஆட்களை எல்லாம் கூட்டி உட்காரவைத்து, ஊருக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதினேன். "முகாமில் அதிகாரி கேட்டால் என் பேரைக் கூசாமல் சொல்லவும். இது என் உத்தரவு." கடிதத்தை அந்தப் பெண்களால் படிக்க முடியாது, ஊரில் யாராவது கூட்டத்தில் வைத்து உரக்கப் படிப்பார்கள், மாமியாரும் அங்கேதான் இருப்பாள் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு மாதத்தில் பதில்கள் வந்து குவிந்தன. ஒரு வீட்டில் மகன் புத்தி பேதலித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மகனுக்கு அங்கே உயிர் வெறுத்துவிட்டது, அதனால்தான் சாகத் துணிந்துவிட்டான் என்று ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். வீரப்பன் வீட்டுக் கடிதம் மூன்று பக்கம். முதல் வரியை உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். அவன் பாய்ந்து வந்து கடிதத்தின்மேல் கையை வைத்து மூடினான்.

"அத வாசிக்காதீங்கய்யா. எங்க ஆத்தா உங்களத்தான் வையுது. அது வஞ்சா பலிக்கும்."

படித்த பெண்சாதி

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் ஊரில் ஒருத்தி இருந்தாள். பேர் மரகதம். கல்யாணம் ஆன பதினோராம் நாள் நான் கப்பலேறிவிட்டேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் கடிதத்திலேயே குடித்தனம். தோட்டத்துச் செலவிலேயே அவளையும் கூப்பிட்டுக்கொள்ளத் துரை சம்மதித்தார். தோட்டத்துச் செலவு என்றால் முகாம் வழியாகத்தான் வர வேண்டும். வரட்டுமே! அவள் நாலாம் வகுப்புப் படித்தவள், அவளே கடிதம் எழுதுவாள். மற்றவர்களுக்கு எழுதிய அந்த ஒரு வரியை அவளுக்கு நான் எழுதவில்லை. அவளைப் போய் அப்படி நினைப்பதே அவமானம் என்று தோன்றியது. தங்காக்கில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போய் மாம்பழக் கலரில் சேலை ஒன்று எடுத்து, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முகாமிலிருந்து கடிதம் வந்தது. உறையின்மேல் என் பேர். பிரித்தேன். "தங்கள் மனைவி என்று சொல்லிக்கொள்ளும் பெண்" என்று ஆரம்பித்திருந்தது. மூன்று தடவை படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. எழுதிக் காட்டுகிறேன் என்றாளாம். யாரோ எழுதப் பழக்கியிருக்கலாம், வாயால் சொல் என்றார்களாம். மாட்டேன் என்று தலையசைத்துவிட்டாளாம். அடுத்த கப்பல் வரைக்கும் தவணை, அதற்குள் சொல்லாவிட்டால் ஊருக்குத்தான். என் மரகதம்! ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த அதிர்ச்சிக்குள்ளேயும் கடுகளவு ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என் ஆயுசுக்காகவாம். அதற்காக என்னையே நொந்துகொண்டேன். பெரிய கிராணியார் கந்தையர் யாழ்ப்பாணத்து மனிதர், சிரித்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் கடிதத்தை வாங்கிப் படித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"தம்பி, ஊர்ப் பொம்பிளையளுக்கெல்லாம் பாடம் எடுத்தனீர். உம்மட மனுசிக்கு ஒரு வரி எழுத நேரம் கிடைக்கேல்லையோ?"

துரைக்கு வந்த சந்தேகம்

அது ரப்பர் விலை சரிந்துகொண்டே போன சமயம். பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை ஊருக்குத் திருப்பி அனுப்ப ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்திலும் இந்த வருஷப் பட்டியலோடு ஆள் எடுப்பது நிறுத்தம், அது பெண்சாதி பிள்ளையாக இருந்தாலும் சரி என்று உத்தரவு வந்துவிட்டது. அந்தப் பட்டியலில் மரகதம் இருந்தாள். இரண்டாம் தடவை மனுப் போட்டிருந்த அங்காயியும் இருந்தாள். அந்தக் கப்பலை விட்டால் இனிமேல் கப்பல் கிடையாது. மரகதம் முகாமிலிருந்து திரும்பிப் போனால், தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் அவள் அண்ணன் வீட்டு அடுப்படியோடு முடங்கிவிடுவாள். நான் இங்கே மற்றவர்களின் பெண்டாட்டிகளை எல்லாம் புத்தகத்தில் பதிந்துகொண்டு கிழவனாவேன்.

தவணையைக் கொஞ்சம் நீட்டித்தரச் சொல்லி முகாமுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று துரையிடம் போய் நின்றேன். அவர் நன்றாகவே தமிழ் பேசுவார். முகாம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நம் வழக்கத்தைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஆயுசு கணக்கையும் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"கிராணி, பயப்படாதே, நெஜத்தைச் சொல்லு. கல்யாணத்துலே நீ அவளுக்கு வேறே என்ன பேர் சொன்னே?"

மூன்று கடிதங்கள்

அன்றிலிருந்து முகாம் முகவரிக்கு மூன்று கடிதம் எழுதினேன். முதலாவதில் அதட்டினேன். இரண்டாவதில் கெஞ்சினேன். மூன்றாவதில், "எனக்கு ஒன்றும் ஆகாது, நீ வந்தால் போதும்" என்று இரண்டே வரி. போய்ச்சேர்ந்ததா, அவள் கையில் கொடுத்தார்களா என்று ஒன்றும் தெரியாது. பால் எடையைத் தப்புத் தப்பாக எழுதினேன். தபால் வருகிற நேரத்துக்கு ஆபீஸ் படியில் போய் நிற்பேன். மலாய்க்காரத் தபால்காரர் என்னைக் கண்டதுமே தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டிவிட்டு, சைக்கிளை விட்டு இறங்காமலே திரும்பிவிடுவார்.

ஒருநாள் எடைக் கொட்டகையில் ஆட்கள் கலைந்துபோன பிறகு வீரப்பன் மட்டும் வாளியைக் கழுவிக்கொண்டு நின்றான். அங்காயி இரண்டாம் தடவையாக முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தாள். அவள் இந்தத் தடவையும் சொல்ல மாட்டாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. நான் ஒரு மரத்துண்டில் உட்கார்ந்திருந்தேன். கிராணி என்கிற மரியாதையெல்லாம் போய்விட்டது, இரண்டு பேரும் இப்போது ஒரே பந்தி. அவன் ஏதாவது ஆறுதலாகச் சொல்வான் என்று பார்த்தேன். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்குப் பக்கத்தில் குந்தினான்.

"மொத ரெண்டு வருசந்தான்யா கஷ்டம். அப்புறம் அவங்க மொகம் மறந்துபோயிரும்."

லாரி வந்த மத்தியானம்

கப்பல் வந்துவிட்டது, தீவில் அடைத்திருக்கிறார்கள் என்று தகவல் வந்தது. யார் யார் வந்திருக்கிறார்கள் என்று வரவில்லை. அந்த மத்தியானம் பால் நிறுத்துக்கொண்டிருக்கும்போது லாரிச் சத்தம் கேட்டது. எடைக் கொட்டகையில் தோட்டமே கூடியிருந்தது. துரை, கந்தையர், நான், ஸ்டோர்க் கிராணி எல்லோரும் வரிசையாக நின்றிருந்தோம். முதலில் இறங்கியது அங்காயி. வீரப்பன் கையிலிருந்த வாளி கீழே விழுந்து, பால் முழுக்க மண்ணில் ஓடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. அடுத்து ஒரு கறுத்த, மெலிந்த பெண் இறங்கினாள். நான் அவளைத் தாண்டி லாரிக்குள் எட்டிப் பார்த்தேன். அவளும் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். மூன்று கிராணிகளும் வெள்ளைக் கோட்டு, மூன்று பேருக்கும் மீசை. அந்தப் பதினோரு நாளில் எனக்கு மீசை கிடையாது. அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, அந்தக் கூட்டத்துக்கு நடுவில், கணீரென்று கூப்பிட்டாள்.

"சோமசுந்தரம்!"

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைப் பக்கமிருந்து, "அலமாக்!" என்று யாரோ மலாயில் வாய்விட்டு அலறினார்கள். கந்தையரின் மூக்குக் கண்ணாடி கைதவறி விழுந்தது. எனக்கு நாக்கு எப்படியோ புரண்டு, "ஆஜர்" என்று சொல்லிவிட்டேன். வீரப்பன் கண்ணில் கலவரத்தோடு தன் பெண்டாட்டி பக்கம் திரும்பினான். அங்காயி தரையைப் பார்த்தபடி, தானும் பேரைச் சொல்லித்தான் கப்பலேறினாள் என்றும், மரகதம் அக்காதான் தைரியம் கொடுத்தது என்றும், அந்தத் தோஷத்துக்கு மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருப்பதாகவும் முனகினாள். என்ன நேர்த்திக்கடன் என்று விசாரித்துவிட்டு வீரப்பன் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"சொன்னது நீ, மொட்ட எனக்கா?"

மரகதம் சொன்ன கணக்கு

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். என் கடிதம் மூன்றில் ஒன்றுகூட அவள் கைக்குப் போய்ச்சேரவில்லை. ஒன்பது நாள் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறாள். பத்தாம் நாள் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு முகாமில் யாருக்கோ அம்மை கண்டு, கப்பல் தள்ளிப்போய், மூன்று மாதம் எல்லோரையும் உள்ளேயே அடைத்துவிட்டார்கள். அங்கே பெண்களைப் புருஷன் பேரில்தான் பதிவது வழக்கம். காலையில் எண்ணும்போது ஒரு தடவை, சோற்று வரிசையில் இரண்டு தடவை, டாக்டர் வந்தால் ஒரு தடவை. சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டது. வாய் திறக்காமல் நின்ற பெண்களைக் கடற்கரைப் பக்கமாகக் கூட்டிப்போய், அலைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதபடி கத்திப் பழகவைத்தவளும் இவள்தானாம். நான் பெட்டியில் வைத்துப் பூட்டிய சேலை, நாலு வருஷத்துக்கு முன்னால் தாலி கட்டிய ஒரு கூச்சக்காரிக்கு எடுத்தது. இவள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் இவளைப் பிடித்திருந்தது. அந்தப் பத்தாம் நாள் எப்படித்தான் மனசு வந்தது என்று கேட்டேன். கூந்தலை முடிந்துகொண்டே பதில் சொன்னாள்:

"சொன்னா உங்க ஆயுசு கொறையும்னு அண்ணி சொல்லித்தான் அனுப்புச்சாங்க. ஒம்பது நாளு யோசிச்சேன். கொறஞ்சாக் கொறஞ்சிட்டுப் போவுது, மிச்சம் இருக்கறதுல எனக்கும் பங்கு வேணும்ல?"

கடல் கடந்து வரும் பெண்டாட்டிக்காகத் தபால்படியில் நிற்கும் என் சக துயரவாசிகளே, தாமதத்துக்குப் பயப்படாதீர்கள், ஆனால் கப்பலேறும்போது விட்டுவந்தவளேதான் வந்து இறங்குவாள் என்று மட்டும் நம்பி நிற்காதீர்கள்.